மேஸ்திரியின் பல் செட்

"வாயை நல்லாத் தொறங்க மேஸ்திரி" என்றார் என் அண்ணன்.

உப்பளத்து மேஸ்திரி கன்னியப்பன் திறந்தார். மேலும் கீழும் வெறும் ஈறு. அண்ணன் புதுப் பல் செட்டை அலசி, முதலில் மேல் தட்டை ஏற்றினார். பிறகு கீழ்த் தட்டை அமர்த்தி, இரண்டு கன்னங்களையும் கட்டைவிரலால் அழுத்திவிட்டார். மரக்காணம் கடைத்தெருவில், டெய்லர் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் ஒரு மர நாற்காலி, ஒரு ஸ்டவ், ஒரு கண்ணாடி அலமாரி. அதுதான் அண்ணனின் கடை.

"இப்ப கடிங்க."

கடித்தார். டக்கென்று ஒரு சத்தம் வந்தது. வந்திருக்கக் கூடாத சத்தம்.

"பேசுங்க."

"இன்னாத்த பேசறது தம்பி?" என்றார் கன்னியப்பன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மேல் தட்டு கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது. நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்திருப்பார்.

"புதுசுல அப்பிடித்தான் இருக்கும். போட்டுக்கினே இருங்க. தன்னால செட் ஆயிடும்."

பல் செட், தன்னால் செட் ஆகிவிடும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் திரும்பி முறைத்தார். கன்னியப்பனுக்கு என் சிரிப்பின் காரணம் புரியவில்லை. கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாள் கழித்துத் தன் கன்னம் தனக்குத் திரும்பக் கிடைத்த சந்தோஷம் அவர் கண்ணில் தெரிந்தது.

அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

ஒரு சொல், இரண்டு வீடு

நான் அப்போது புதுச்சேரியில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், சங்கத்து ஆண்டறிக்கை என்று எது வந்தாலும் என் மேஜைக்கு வரும். வேலை இல்லாத மதியங்களில் தூக்கம் வராமல் இருக்க, முதலாளி அறையில் கிடந்த பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டுவேன். மட்டையில் கரையான் அரித்த சுவடு. ஆனால் உள்ளே சொற்கள் பத்திரமாக இருந்தன.

அதில் ஒரு நாள் ‘செட்’ என்ற சொல்லைப் பார்க்கப் போனேன். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துச் சொல். முடிகிற வழியாக இல்லை. பக்கத்தைத் திருப்பினால் அதே சொல், மறுபடி திருப்பினால் மறுபடியும் அதே சொல். யானைக்குக்கூட அந்த அகராதியில் நாலு வரிதான் கொடுத்திருந்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் நம் வீடுகளிலும் அப்படித்தான். ரேடியோ செட், மைக் செட், பம்பு செட். ஹோட்டலில் உட்கார்ந்தால் செட் தோசை. சினிமாவுக்குப் போட்ட அரண்மனை செட். கூடிச் சுற்றுகிற பையன்கள் ஒரு செட்டு. பெண் பார்த்துவிட்டு வந்து ‘செட் ஆகல’ என்று சொல்லிவிடுவார்கள். சிமெண்டு செட் ஆக வேண்டும் என்று கொத்தனார் குழந்தைகளை விரட்டுவார். ஆங்கிலம் படிக்காதவர்கள்தான் இந்தச் சொல்லை அதிகம் புழங்குகிறார்கள். இதை ஆங்கிலம் என்று சொன்னால் எங்கள் தெருவில் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

அகராதி ஒரு விஷயம் சொன்னது. இது ஒரு சொல் இல்லையாம், இரண்டு வீட்டுப் பிள்ளைகளாம். ஒன்று, உட்காருவதைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது. உட்கார வைப்பது, அமர்த்துவது, இறுகிப்போவது எல்லாம் அந்த வீடு. சூரியன் மறைவதும் அதே வீட்டுச் சொல்தான், கடலில் போய் உட்காருகிற மாதிரி. இன்னொன்று லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவர் பின்னால் போவது என்று அதற்கு அர்த்தம். ஒருவரைப் பின்பற்றிப் போகிற கூட்டம்தான் செட்டு. நாளடைவில் இரண்டும் ஒரே வாசலில் புழங்கி, எது எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் போய்விட்டது.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனதும் இதை அண்ணனிடம் ஒப்பித்தேன். அவர் ஒரு கடைவாய்ப் பல்லை மெழுகில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

"இத்தத் தெரிஞ்சிக்கினு இன்னாடா பண்ணப் போற?"

"சும்மா தெரிஞ்சிக்கலாம்ணா."

"சும்மா இருக்கறவன் அந்த மக்கை எடுத்தாந்து வையி."

அண்ணனிடம் நான் வாங்கிய பாராட்டுகள் எல்லாம் இந்த மாதிரிதான். அவர் திண்டிவனத்தில் ஒரு பல் டாக்டரிடம் மெக்கானிக்காக இருந்து தொழில் பழகியவர். அந்த டாக்டர் வாரம் ஒருமுறை எங்கள் கடைக்கு வந்து, வந்தவர்கள் வாயில் அச்சு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, ஈறைப் போலவே ஒரு வார்ப்பு எடுத்து, அதன்மேல் பல் கட்டுவது அண்ணன் வேலை. வார்ப்பு சரியாக இருந்தால்தான் செட் வாயில் நிற்கும்.

சொல்ல வெட்கப்பட்ட இழப்பு

கன்னியப்பனுக்கு ஏற்கெனவே ஒரு செட் இருந்தது. அதுவும் அண்ணன் கட்டியதுதான். அதைப் போட்ட அன்றே நாற்காலியில் உட்கார்ந்தபடி கட்டெறும்பு மாதிரி கடித்துக் காட்டிவிட்டுப் போனவர் அவர். பல வருஷம் உழைத்தது.

சுனாமியில் கடல் உள்ளே வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் உப்பளத்து வாய்க்கால் ஓரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். செட்டைக் கழற்றி வரப்பின் மேல் துண்டில் வைத்திருந்தார். வாய்க்காலில் தண்ணீர் எதிர்த் திசையில் ஏறி வருவதைப் பார்த்தவர், போட்டது போட்டபடி மேட்டுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது துண்டும் இல்லை, வரப்பும் இல்லை.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எங்களிடம் வந்ததே இரண்டு மாதம் கழித்துத்தான். வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, குழறிக் குழறிச் சொன்னார்.

"ஆளே போயிருக்குது தம்பி ஊரு ஊருக்கு. புள்ளைங்க போயிருக்குது. இதுல எனக்குப் பல்லு போச்சின்னு யாருகிட்ட போயிச் சொல்லுவேன்?"

சரி, இப்போது மட்டும் ஏன் வந்தார்? அதற்கு உப்பளத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

உப்பு விளைகிற பாத்தியின் தரையை ஒவ்வொரு வருஷமும் மிதித்து இறுக்க வேண்டும். ஈரக் களிமண்ணில் ஆண்களும் பெண்களும் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்பார்கள். வரிசைக்கு முன்னால் மேஸ்திரி பின்புறமாக நடந்தபடி ‘எடுத்து வையி’ என்று குரல் கொடுப்பார். அத்தனை காலும் ஒன்றாக விழும். ‘வச்சாச்சு’ என்று பதில் வரும். வெயில் ஏறுவதற்குள் ஒரு வரப்பிலிருந்து மறு வரப்புவரை நிற்காமல் முடிக்க வேண்டும். நடுவில் நின்றால் நின்ற இடத்தில் தரை வெடித்து, உப்பு மண்ணாகிவிடும். இந்த மிதிக்கும் ஆட்களைத்தான் அங்கே செட்டு என்பார்கள். கன்னியப்பன் செட்டு, இன்னார் செட்டு என்று மேஸ்திரி பெயரிலேயே அது போகும்.

முதல் மிதியை யார் குரல் கொடுத்து முடிக்கிறாரோ, அவர் குரல்தான் அந்தப் பருவம் முழுக்க. இடையில் மாற்ற மாட்டார்கள். மாற்றினால் பாத்தி ஏற்காது என்று நம்பிக்கை. உப்பள முதலாளியும் குரல் கொடுப்பவரிடம்தான் வேலை பேசுவார்.

அந்த வருஷம் பாத்தி முழுக்கக் கறுப்புச் சேறு. அதை வழித்துப் போட்டு மிதிக்கு நாள் குறிக்கவே மாசி வந்துவிட்டது. அதற்குள் கன்னியப்பன் செட்டில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கரையோரம் புது வீடு கட்டுகிற இடத்தில் கல் சுமக்கச் சிலர், ஆரோவில் பக்கம் தோட்ட வேலைக்குச் சிலர். மிச்சம் இருந்தவர்களும் அரை மனதாக இருந்தார்கள். பல் இல்லாத வாயால் குரல் கொடுத்தால் காற்றுதான் வரும். ஆட்கள் சிரித்துவிட்டு அடுத்த செட்டுக்குப் போய்விடுவார்கள்.

"மிதிக்கு மின்ன குடுத்துடு தம்பி. செட்டு கலைஞ்சிதுன்னா நான் செத்த மாதிரிதான்" என்றார்.

நாக்குக்குத் தெரியாத உப்பு

அண்ணன் எல்லா வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு இதை எடுத்தார். டாக்டர் வந்து அச்சு எடுத்துக் கொடுத்தார். அச்சு நன்றாகவே இருந்தது.

கடைக்குப் பின்னால் ஒரு கைப்பம்பு உண்டு. அலை வந்து போன பிறகு அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. குடிக்க லாரியில் வரும், குடத்தோடு அடித்துப் பிடித்துப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்த தண்ணீரில் மாவு கரைக்க யாருக்கும் மனசு வராது. அண்ணிக்கு வரவே வராது.

அண்ணன் பம்பை அடித்து, ஒரு வாய் வைத்துப் பார்த்தார்.

"பரவால்ல, முன்னைக்கு இப்ப தேவல. நல்லாத்தான் இருக்குது."

நானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. வெளியூர்க்காரன் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் துப்பியிருப்பான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. காற்றில் உப்பு, கதவுக் கொக்கியில் உப்பு, காயப்போட்ட வேட்டியில் உப்பு. பிறந்ததிலிருந்து அதிலேயே கிடந்த நாக்குக்குக் கடல் தண்ணீர் ஒன்றுதான் உப்பு. மற்றதெல்லாம் நல்ல தண்ணீர்.

மாவு கரைத்து ஊற்றினார். வழக்கமாக அது இறுகுகிற நேரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, டெய்லரோடு அரசியலும் பேசிவிட்டு வரலாம். அன்றைக்கு டீ வருவதற்கு முன்பே இறுகிவிட்டது.

"பார்டா, மாவுகூட மேஸ்திரிக்காக அவசரப்படுது" என்று அண்ணன் சந்தோஷப்பட்டார்.

வார்ப்பின் ஓரங்கள் லேசாகப் பொரிந்திருந்தன. புது மூட்டை மாவு, அப்படித்தான் இருக்கும் என்று சுரண்டிவிட்டார். உப்பு கலந்த தண்ணீரில் பிளாஸ்டர் அவசரமாக இறுகும், இறுகினாலும் அளவு மாறும், ஓரம் நிற்காது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. திண்டிவனத்தில் முதலில் சொல்லிக் கொடுத்ததே அதுதானாம். தண்ணீர் உப்பு என்பதுதான் தெரியவில்லை.

மிதி

மிதி அன்று நானும் அண்ணனும் போயிருந்தோம். இருட்டு பிரிந்து வரும் நேரம். பாத்தி கண்ணாடி மாதிரி கிடந்தது. செட்டில் ஆள் குறைவுதான், ஆனால் வந்திருந்தார்கள். கன்னியப்பன் வெள்ளை பனியன் போட்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார், பல் தெரிய.

"இன்னா மேஸ்திரி, மாப்புள மாதிரி இருக்கிறீங்க!" என்று வரிசை நடுவிலிருந்து ஒரு குரல். அது அஞ்சலை. நாற்பது வயதிருக்கும். கன்னியப்பன் செட்டில் சின்னப் பெண்ணாகச் சேர்ந்து அங்கேயே நிலைத்தவள்.

"வாயை மூடிக்கினு காலைத் தூக்குடி" என்று அதட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு அது. பழைய மேஸ்திரி திரும்பி வந்துவிட்டார் என்கிற சிரிப்பு.

"எடுத்து வையி!"

"வச்சாச்சு!"

வரிசை நகர்ந்தது. அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. களிமண்ணில் ஒரே நேரத்தில் அத்தனை பாதங்கள் விழுந்தால் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் வயிற்றில் கேட்கும். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியெல்லாம் பிடிக்கிற ஆள் இல்லை அவர்.

கால்வாசிப் பாத்திவரை கன்னியப்பன் அடக்கித்தான் குரல் கொடுத்தார். ஒரு கை கன்னத்தருகே இருந்தது. தட்டு ஆடுகிறது என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பாத்தி நடுவில் மண் இளகல். அங்கே கால் தளரும், அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தால்தான் வரிசை நிமிரும். அவர் கையை எடுத்துவிட்டு, தலையைத் தூக்கி, முழுக் குரலில் கூப்பிட்டார்.

மேல் தட்டு வெளியே வந்து சேற்றில் விழுந்தது.

அவர் குனிந்து தேடினார். குனிந்த வேகத்தில் கீழ்த் தட்டும் விழுந்தது. இரண்டு கையாலும் சேற்றைத் துழாவினார். வரிசை அவருக்கு ஒரு எட்டு தூரத்தில் நின்றுவிட்டது. யாரோ ஒரு பெண்ணுக்கு அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டாள். அது பக்கத்திலிருந்தவளுக்குத் தொற்றி, கடைசி ஆள்வரைக்கும் போயிற்று. மனசில் கெட்டது வைத்து யாரும் சிரிக்கவில்லை. அலைக்குப் பிறகு அவர்கள் சிரிப்பதற்கு அன்றுதான் ஏதோ கிடைத்திருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் வரிசை நின்றுவிட்டது. வெயில் வரப்பில் ஏறிவிட்டது. கரையிலிருந்து முதலாளி, "ஏம்பா, இன்னா ஆச்சு? காயுது, காயுது!" என்று கத்தினார்.

கன்னியப்பன் நிமிர்ந்து ‘எடுத்து வையி’ என்றுதான் சொன்னார். வெறும் காற்று வந்தது. மறுபடி சொன்னார். ஒருவரும் கால் எடுக்கவில்லை.

அப்போது வரிசை நடுவிலிருந்து அஞ்சலை குரல் கொடுத்தாள்.

"எடுத்து வையி!"

எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் சேறு வடிகிற கையோடு மெதுவாக விலகி வரப்பில் ஏறிக்கொண்டார்.

"வச்சாச்சு!"

அவர் நின்றிருந்த இடத்தின் மேல் வரிசை ஏறிப் போயிற்று. மிதித்த பாத்தியைத் தோண்ட மாட்டார்கள். பல் செட் அங்கேயே இருக்கட்டும் என்று அவர் கையைக் காட்டிவிட்டு நடந்தார். அண்ணன் பின்னாலேயே ஓடினார். அவர் திரும்பவில்லை.

அன்று மாலையே அஞ்சலை அவர் வீட்டு வாசலில் போய் அழுதாளாம். "பாத்தி கெட்டுடப் போவுதேன்னு கத்திட்டேன் மேஸ்திரி. வேணும்னு செய்யல." அவரும் அதை நம்பியிருப்பார். ஆனால் முதல் மிதியைக் குரல் கொடுத்து முடித்தது யார் என்று பாத்திக்குத் தெரியும் என்பது அவர்கள் வழக்கம். ஊரில் ஒரே வாரத்தில் அது அஞ்சலை செட்டு ஆகிவிட்டது.

பூத்த வார்ப்பு

அண்ணனுக்குக் காரணம் தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். என்றைக்கோ ஒரு நாள் அலமாரியைத் திறந்தபோது கன்னியப்பனின் வார்ப்பு கண்ணில் பட்டது. அதன் மேலெல்லாம் வெள்ளையாக, மெல்லிசாக முள் முள்ளாகப் பூத்திருந்தது. அண்ணன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். இந்தத் தடவை நாக்குக்குத் தெரிந்தது.

எனக்கு அச்சகத்துக்குப் போன் வந்தது. "டேய், வரும்போது அங்கேர்ந்து தண்ணி எடுத்தா." அவ்வளவுதான் சொன்னார். ஒரு பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். முதலியார்சாவடி தாண்டும்போது கண்டக்டர் கேனைத் தட்டிப் பார்த்து, "சரக்கா?" என்றார். தண்ணீர் என்றால் நம்பவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு, கடலோரம் போகிற பஸ்ஸில் தண்ணீர் சுமக்கிற முதல் ஆள் நீதான் என்றார். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

டாக்டர் சொல்லி அனுப்பியும் கன்னியப்பன் கடைக்கு வரவில்லை. டாக்டரே அவர் வீட்டுக்குப் போய் அச்சு எடுத்து வந்தார். அண்ணன் புதுச்சேரித் தண்ணீரில் மாவு கரைத்தார். டீ வந்தது. குடித்தோம். டெய்லர் வந்து பேசிவிட்டுப் போனார். அப்போதும் மாவு இறுகவில்லை. இறுக வேண்டிய நேரம் ஆனதும் தானாக இறுகியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இந்த ஒரு கேன் தண்ணீர் மாசி மாதத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

செட் தயாரானபோது சித்திரை. கோடை மழை ஒன்று பெய்து பாத்திகள் கலைந்திருந்தன. மறுபடி மிதிக்க வேண்டும். அதற்குள் கொடுத்துவிடலாம் என்று வேகுவேகென்று போனோம். கன்னியப்பன் உப்பளத்துக் கரையில் தனியாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் செட்டை நீட்டினார். கண்ணாடி கொண்டுபோக மறந்துவிட்டோம். அவர் தானே போட்டுக்கொண்டு, வாயை அசைத்துப் பார்த்தார். ஒரு சத்தமும் வரவில்லை. எழுந்து, கொஞ்ச தூரத்தில் ஆட்களோடு நின்றிருந்தவளைக் கூப்பிட்டார்.

"அஞ்சல!"

கணீரென்று இருந்தது. நாரைகள்கூட எழுந்தன. அஞ்சலை பயந்துகொண்டே வந்தாள். செட்டைத் திருப்பிக் கேட்கப் போகிறார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நாங்களும் அதையே நினைத்தோம். கேட்கட்டும் என்றுகூட நான் ஆசைப்பட்டேன்.

"நாளைக்கு மிதிக்கு ஒரு ஆளு கொறயுதுன்னியாமே" என்றார் கன்னியப்பன். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. "நான் வரட்டுமா?"

அஞ்சலை சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கினாள். "இன்னா மேஸ்திரி இப்பிடிக் கேக்கறீங்க..."

"மேஸ்திரின்னு கூப்புடாத. ஆளுங்க கொழம்பிப் பூடுவாங்க. சேத்துக்கிறியா, இல்லியா?"

அவள் எங்களைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள்.

"வெடியறதுக்கு மின்ன வந்துடுங்க" என்றாள்.

"வந்துடறேம்மா."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பு கட்டுகிறவர்கள் பக்கம் போனார். பல் சரியாக நிற்கிறதா, எங்கேயாவது அழுத்துகிறதா என்று கேட்பதற்காகவும்தான் அவ்வளவு தூரம் போயிருந்தோம். அண்ணன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வந்த வழியே வீட்டுக்கு நடந்தோம்.